உஷார்! வகுப்பறைச் சுவரில் தொலைந்துபோகும் புள்ளிகள்

இதய வடிவில் புள்ளி, துள்ளிக் குதிக்கும் கொம்பு, கிரேயானில் கிறுக்கியது போன்ற கோடு. இப்படி ஒரு ‘கையெழுத்து ஃபான்ட்’டை இறக்கி வைத்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்புச் சுவருக்கு எழுத்து அட்டை தயாரிக்க உட்கார்ந்திருக்கிறீர்களா? பிரிண்ட் கொடுப்பதற்கு முன் தயவுசெய்து நிறுத்துங்கள். நீங்கள் தட்டச்சு செய்ததும் குழந்தை அந்த அட்டையில் படிக்கப்போவதும் ஒன்றாக இல்லாமல் போகலாம்.

நாம் ஒரு சொல்லைப் பார்த்தவுடன் மொத்தமாகப் பிடித்துக்கொள்கிறோம். நடுவில் ஒரு எழுத்து கோணலாக இருந்தாலும் நம் மூளை சரிசெய்துகொள்ளும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டித்தான் சொல்லுக்கு வரும். சுவரில் இருக்கும் வடிவம்தான் அதற்கு எழுத்து. அதைப் பார்த்துத்தான் நோட்டில் எழுதும். பெருந்தொற்றுக் காலத்தில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 2022-ல் தமிழ்நாட்டு அரசு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கிய பிறகு, தொடக்கப் பள்ளிகளில் அட்டைகளுக்கும் தாள்களுக்கும் குறைவே இல்லை. அத்திட்டத்தின் தொடக்க நிலையான ‘அரும்பு’ நிலையில் இருக்கும் பிள்ளைக்கு அந்த அட்டையே பாடப்புத்தகம். அதில் அழகுக்காக எழுத்தைச் சிதைத்தால், நாம் சொல்லிக்கொடுப்பது சிதைந்த எழுத்தைத்தான்.

முதலில் புள்ளியைப் பாருங்கள். ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அதை விட்டுவிட்டு எழுதினார்கள். ‘ர’வும் கால் குறியும் ஒன்றுபோலவே இருந்தன. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு ஏட்டில் இல்லை. படிப்பவர் முன்பின் பார்த்து ஊகிக்க வேண்டும். அதற்கே தனிப் பயிற்சி வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் குறிலையும் நெடிலையும் பிரித்துக் காட்டும் வடிவங்களைக் கொண்டுவந்தார். பிறகு அச்சு வந்து புள்ளியை நிலைநிறுத்தியது. இன்று ஒரு குழந்தை ஊகிக்காமல் தமிழ் படிக்கிறது என்றால், அது இத்தனை பேர் பாடுபட்டுக் கொடுத்த தெளிவு. அதை ஒரு விளையாட்டு ஃபான்ட் ஒரே சொடுக்கில் பறித்துக்கொண்டு போய்விடுகிறது. இதயமாகவும் நட்சத்திரமாகவும் பூவாகவும் மாறிய புள்ளியை, எழுத்துக்கு மேல் யாரோ ஒட்டிய அலங்காரம் என்றுதான் பிள்ளை நினைக்கும். பக்கத்திலேயே நிஜ அலங்காரமாக நாலு நட்சத்திரம் தூவியிருந்தால் எது புள்ளி, எது படம்? ‘கல்’ எங்கே, ‘கல’ எங்கே?

அடுத்தது ‘ள’வும் ‘ன’வும். உருண்டை உருண்டையாக வரையப்பட்ட ஃபான்ட்களில் இந்த இரண்டின் சுழியும் வாலும் ஒன்றாகக் கலந்துவிடும். ‘அவள் வந்தாள்’ என்று நீங்கள் எழுதியது ‘அவன் வந்தான்’ என்று படிக்கப்படும். ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம், தடித்த பிரஷ் எழுத்தில் அந்த ஒரு சுழி மைக்குள் மூழ்கிவிடும். ‘ர’வின் அடியில் சாய்ந்து இறங்கும் சிறு கோட்டைச் சில ஃபான்ட்கள் எளிமை என்ற பெயரில் வெட்டிவிடுகின்றன. அப்போது ‘மரம்’ அப்படியே ‘மாம்’ ஆகிவிடும். மேல்விலங்கின் சுழி மங்கினால் ‘மீன்’ ‘மின்’ ஆகும். இரட்டைக் கொம்பும் ஒற்றைக் கொம்பும் ஒரே மாதிரி வளைந்தால் ‘கோடு’ ‘கொடு’ ஆகும், ‘தேன்’ ‘தென்’ ஆகும். எழுத்துகளைப் பெரிதும் சிறிதுமாகத் துள்ளவிடும் ஃபான்ட்களில் ‘ஔ’ படும் பாடு சொல்லி முடியாது. உள்ளே இருக்க வேண்டிய சின்னக் குறி முழு ‘ள’ அளவுக்கு வளர்ந்து, ‘ஔவை’ என்பதை ‘ஒ-ள-வை’ என்று பிள்ளைகள் எழுத்துக்கூட்டுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அட்டையில் இருப்பது அதுதான்.

உகர, ஊகார வரிசையில் இன்னும் கவனம் வேண்டும். ‘கு, சு, து, மு, ழு’ எல்லாவற்றுக்கும் ஒரே குறியை ஒட்டிவிட முடியாது. பதினெட்டு மெய்க்கும் குறில் ஒன்று, நெடில் ஒன்று என்று 36 வடிவங்களைத் தனித்தனியாக வரைந்தால்தான் அது தமிழ் ஃபான்ட். அவசரத்தில் செய்யப்பட்டவற்றில் இங்கேதான் ஓட்டை விழுகிறது. ‘மூ’வும் ‘ழு’வும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெரியவர்களுக்கே தடுமாறும். இன்னொன்று, பழைய கையெழுத்தின் அழகைக் கொண்டுவருகிறோம் என்று சில ஃபான்ட்கள் ‘ணை, லை, ளை, னை’ நான்கையும் பழைய தும்பிக்கை வடிவில் தருகின்றன. ‘ணா, றா, னா’வையும் அப்படியே சுழித்துவிடுகின்றன. பெரியார் வலியுறுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978-ல் ஏற்றுக்கொண்டது. இன்றைய பாடநூலில் அந்தப் பழைய வடிவங்கள் கிடையாது. கல்யாணப் பத்திரிகையில் அவற்றைப் போடுங்கள், கண்ணுக்கு விருந்துதான். ஒன்றாம் வகுப்பில் வேண்டாம்.

எழுதிப் பழகும் தாள் இன்னும் ஆபத்தானது. புள்ளி புள்ளியாக எழுத்து வரும் ஃபான்ட்களில் பல, எழுத்தின் நடுக்கோட்டைப் புள்ளியாக்குவதில்லை. தடித்த எழுத்தின் இரண்டு ஓரங்களையும் புள்ளியாக்குகின்றன. பிள்ளை முதலில் ஒரு ஓரத்தில் போய், சுற்றிக்கொண்டு மறு ஓரத்தில் திரும்பி வரும். எழுத்து எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் சுழிக்க வேண்டும் என்கிற கைப்பழக்கமே மாறிப்போகும். கோட்டுக்கு மேலும் கீழும் குதிக்கும் ஃபான்ட்டைப் பார்த்துப் பழகிய பிள்ளையின் கையில் இரட்டைக்கோடு நோட்டைக் கொடுத்து, ‘கோட்டுக்குள்ள எழுது’ என்று அதட்டுவதில் என்ன நியாயம்? சாய்வெழுத்தும் எழுதிப் பழகும் தாளுக்கு ஆகாது.

ஆங்கில அட்டைக்கும் இந்த எச்சரிக்கை உண்டு. விளையாட்டுக் கையெழுத்து ஃபான்ட்களில் பலவற்றில் பெரிய எழுத்து மட்டுமே இருக்கும். சிறிய எழுத்தைத் தட்டினாலும் பெரிய எழுத்துதான் வரும். அதைக் கவனிக்காமல் பெரியதும் சிறியதுமாக ஜோடி அட்டை அச்சடித்தால், இரண்டு பக்கமும் ஒரே எழுத்து நிற்கும். வேறு சில ஃபான்ட்களில் சிறிய ‘ஏ’ ‘ஓ’வைப் போலத் தெரியும். ‘ஆர்’ எழுத்தும் ‘என்’ எழுத்தும் ஒட்டிக்கொண்டு ‘எம்’ ஆகிவிடும். பெரிய ‘ஐ’, சிறிய ‘எல்’, எண் ஒன்று ஆகிய மூன்றும் ஒரே குச்சியாக நிற்கும். ‘பி’யை அப்படியே கண்ணாடியில் திருப்பி ‘டி’ செய்திருக்கும் ஃபான்ட், இடம் வலம் குழம்பும் பிள்ளைக்குப் பெரிய சோதனை. வின்சென்ட் கானர் 1994-ல் மைக்ரோசாஃப்டுக்காக வரைந்த காமிக் சான்ஸை வடிவமைப்பாளர்கள் எவ்வளவு கேலி செய்தாலும், வாசிப்புச் சிரமம் உள்ளவர்களுக்கு ஏற்ற எழுத்துகளின் வரிசையில் பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கம் அதையும் சேர்த்திருக்கிறது. அதில் கையெழுத்தின் சாயல் இருந்தாலும் எழுத்துகள் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்களுக்காகவே எஸ்ஐஎல் நிறுவனம் செய்த ஆண்டிகாவும் இலவசமாகக் கிடைக்கிறது.

இனி கைவினைக்கு வருவோம். ஆண்டு விழா மேடைக்குத் தெர்மாகோலில் எழுத்து வெட்டுகிறீர்கள், அல்லது மெஷினில் வினைல் ஸ்டிக்கர் வெட்டுகிறீர்கள். தமிழில் புள்ளி என்பது தனித்துண்டு. தெர்மாகோலில் அது பசையில் மட்டும் நிற்கும். விழா முடிவதற்குள் உதிர்ந்துவிடும். வினைலில் வேண்டாத பகுதியை உரித்தெடுக்கும்போது குட்டிப் புள்ளி அதோடு சேர்ந்து போய்விடும். ‘வாழ்த்துகள்’ என்ற ஒரு சொல்லில் மட்டும் மூன்று புள்ளிகள். மூன்றும் போனால் மேடையில் நிற்பது ‘வாழததுகள’. வெட்டுவதற்குமுன் புள்ளியின் அளவைக் கூட்டுங்கள், அல்லது மெல்லிய இணைப்பால் எழுத்தோடு சேர்த்துவிடுங்கள். ஸ்டென்சில் வெட்டினால் ‘வ, ல, ள, ண, எ’ போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் துண்டு கழன்று விழும். ஒவ்வொரு சுழிக்கும் ஒரு பாலம் விடவில்லை என்றால் பெயின்ட் அடித்தவுடன் சுழி முழுக் கறுப்பாகிவிடும். கையெழுத்து ஃபான்ட்களில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பது வழக்கம். திரையில் ஒரே எழுத்தாகத் தெரியும். மெஷினோ இரண்டு கோட்டின் ஓரத்தையும் தனித்தனியே வெட்டி, எழுத்தைத் துண்டு துண்டாக்கிவிடும். மென்பொருளில் வடிவங்களை ஒன்றாக இணைக்கும் வசதியைப் பயன்படுத்திய பிறகே வெட்டக் கொடுங்கள்.

கம்ப்யூட்டருக்குள் நடக்கும் ஏமாற்று வேறு. நீங்கள் தேர்ந்தெடுத்த அழகான ஃபான்ட்டில் தமிழே இல்லை என்றால், கம்ப்யூட்டர் உங்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லாது. ஃபான்ட் பெயர் மேலே அப்படியே இருக்கும். தமிழ் எழுத்து மட்டும் ஓசைப்படாமல் லதா, நிர்மலா போன்ற விண்டோஸின் வழக்கமான ஃபான்ட்டுக்கு மாறிவிடும். சில மென்பொருளில் கட்டம் கட்டமாக வரும். தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டத் தெரியாத மென்பொருளாக இருந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘கொடி’யில் ஒரு துண்டு இங்கே, ஒரு துண்டு அங்கே. அதைவிட மோசம், யூனிகோட் வருவதற்கு முன் செய்யப்பட்ட பழைய ஃபான்ட்கள். பாமினி போன்ற பழைய முறையில் உள்ள அலங்கார ஃபான்ட்கள் இன்னமும் ‘ஃப்ரீ தமிழ் ஸ்டைல் ஃபான்ட்’ என்ற பெயரில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்காரவைத்த தந்திரம்தான். உங்கள் கம்ப்யூட்டரில் ‘அம்மா’ என்று தெரியும். அதே ஃபைலை டிடிபி சென்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக இருக்கும். பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலை யூனிகோடில் வைத்துக்கொண்டு, சான்றிதழில் பழைய ஃபான்ட்டைப் போட்டுக் கூட்டாக அச்சடித்தால், விழா நாளில் கையில் இருப்பது செல்லாத காகிதக் கட்டு. பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பானுக்கும் அந்த ஃபைல் உளறலாகத்தான் கேட்கும். அச்சுக்கு, ஃபான்ட்டை உள்ளே பதித்த பிடிஎஃப் ஆக மட்டும் அனுப்புங்கள். கடையில் முதல் தாள் வந்தவுடன் வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, பிறகு மீதியை அடிக்கச் சொல்லுங்கள்.

இதுவரை சொன்னது எழுத்துக்கு வரும் கேடு. இனிச் சொல்வது உங்கள் கம்ப்யூட்டருக்கும் பணத்துக்கும் வரும் கேடு.

ஃபான்ட் என்பது படம் மாதிரி சாதுவான பொருள் என்று நினைக்காதீர்கள். அது கம்ப்யூட்டரின் அடிமடி வரை போகும் ஃபைல். 2011-ல் டுக்யூ என்ற உளவு மென்பொருள், வேர்டு ஃபைலுக்குள் பதித்த ஃபான்ட் வழியாக விண்டோஸின் ஓட்டையில் நுழைந்தது. அந்த ஓட்டையை மைக்ரோசாஃப்ட் டிசம்பரில்தான் அடைத்தது. 2015 ஜூலையில் ஃபான்ட் கையாளும் பகுதியில் இன்னொரு ஓட்டை வெளிப்பட்டு அவசரத் திருத்தம் வந்தது. 2025-ல் ஃப்ரீடைப் என்ற, எண்ணற்ற கருவிகளில் இருக்கும் ஃபான்ட் நிரலில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, மே மாதம் ஆண்ட்ராய்டுக்குத் திருத்தம் தர வேண்டியிருந்தது. பள்ளி கம்ப்யூட்டர் அறையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். விண்டோஸ் 7-க்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தம் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபரில் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அப்படிப்பட்ட மெஷினில் எங்கிருந்தோ வந்த ஃபான்ட்டை ஏற்றுவது திறந்த வீட்டுக்குள் ஆளைக் கூப்பிடுவதுதான்.

இதைவிட அதிகமாக நடப்பது எளிய மோசடி. 2017-ல் குரோமில் ஒரு பக்கம் திறந்தால் எழுத்தெல்லாம் கலைந்து கிடக்கும்; ‘ஃபான்ட் இல்லை, அப்டேட் செய்யவும்’ என்று ஒரு பெட்டி வரும். அதை அழுத்தி இறக்கியவர்களில் பலருக்கு வந்தது, ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ஸ்போரா. அந்தப் பெட்டி இன்று வேறு உடுப்பில் வருகிறது. இலவச ஃபான்ட் பக்கங்களில் ‘டவுன்லோட்’ என்று நாலைந்து பச்சைப் பொத்தான் இருந்தால் அவற்றில் பெரும்பாலானவை விளம்பர வலை. ஃபான்ட் ஃபைலின் பெயர் டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் என்று முடிய வேண்டும். ஜிப்பில் வந்தால் அதைப் பிரித்தால் உள்ளே அதுதான் இருக்க வேண்டும். இஎக்ஸ்இ என்றோ ஏபிகே என்றோ முடிந்தால் தொடவே தொடாதீர்கள், உடனே அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் சக டீச்சர் அனுப்பினார் என்பதற்காகவும் ஏற்றாதீர்கள். அவருக்கு அதை அனுப்பியது யாரென்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

போனில் ‘ஸ்டைலிஷ் ஃபான்ட் கீபோர்டு’ என்று வரும் செயலிகள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேறு கீபோர்டை இயக்கும்போது, நீங்கள் தட்டச்சு செய்யும் பாஸ்வேர்டும் கார்டு எண்ணும் உட்பட எல்லாவற்றையும் அது சேகரிக்கக்கூடும் என்று ஆண்ட்ராய்டே எச்சரிக்கை காட்டுகிறது. நாம் படிக்காமல் ‘ஓகே’ அழுத்துகிறோம். அதே போனில்தான் வங்கிச் செயலியும் இருக்கிறது, பள்ளியின் வருகைப்பதிவும் இருக்கிறது. அலங்கார எழுத்துக்காக அந்தக் கதவைத் திறக்காதீர்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

உங்கள் சொந்தக் கையெழுத்தையே ஃபான்ட் ஆக்கித் தரும் சேவைகளும் உண்டு. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் படிவத்தில் கையெழுத்திடும் ஒப்பத்தைச் சேர்த்துவிடாதீர்கள். உங்கள் ஒப்பம் ஒரு விசையில் வரும் ஃபைலாக ஊரெல்லாம் சுற்றும். பிள்ளைகளின் கையெழுத்தைப் பெயரோடு சேர்த்து ஏற்றுவதும் பெற்றோரைக் கேட்காமல் செய்யக்கூடாத காரியம்.

வீட்டிலிருந்தே பெயர் ஸ்டிக்கர், பிறந்தநாள் அட்டை, ஒர்க்ஷீட் தயாரித்து விற்கும் சகோதரிகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. ‘ஃப்ரீ’ என்று போட்டிருக்கும் ஃபான்ட்களில் மிகப் பல, சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான் இலவசம். விற்பனைக்குப் பயன்படுத்தினால் உரிமம் வாங்க வேண்டும். ஜிப்புக்குள் ஃபான்ட்டோடு ஒரு சின்ன உரைக் கோப்பு இருக்கும். யாரும் அதைத் திறப்பதில்லை. திறந்து படியுங்கள். வரைந்தவரின் உழைப்பு அதில் இருக்கிறது. அவருக்கு உரியதைக் கொடுக்காமல் நாம் சம்பாதிப்பது நியாயமில்லை. ஓஎஃப்எல் என்ற திறந்த உரிமத்தில் வரும் ஃபான்ட் என்றால் அட்டையிலும் ஸ்டிக்கரிலும் போட்டு விற்கலாம். ஃபான்ட் ஃபைலை மட்டும் தனியாக விற்கக்கூடாது.

அழகே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், இடம் பார்த்து வேண்டும். கூகுள் ஃபான்ட்ஸில் தமிழுக்கே வரையப்பட்டவை இருக்கின்றன. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் கவிவனார் கையெழுத்துச் சாயலில் சாய்ந்து வரும். நாலாம் ஐந்தாம் வகுப்பு அட்டையின் தலைப்புக்கு எனக்குப் பிடித்தது அதுதான். பலூ தம்பி கொழுகொழுவென்று உருண்டு இருக்கும். தெர்மாகோலில் வெட்டவும் தோது. காய்னியும் விளையாட்டுத்தனமானதே. தலைப்புக்கும் பெயர்ப்பலகைக்கும் இவற்றைத் தாராளமாகப் போடுங்கள். குழந்தை எழுத்துக்கூட்ட வேண்டிய இடத்தில் மட்டும் முக்த மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற நேரான ஃபான்ட்டுக்கு வந்துவிடுங்கள். என்னைக் கேட்டால், ஒன்றாம் வகுப்புக்கு எந்த ஃபான்ட்டையும்விட டீச்சர் சார்ட்டில் ஸ்கெட்ச் பேனாவால் நிதானமாக எழுதுவதுதான் மேல். எழுதும்போது கை எப்படிப் போகிறது என்பதையும் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

புது ஃபான்ட் எதுவானாலும் அட்டைக்குப் போகுமுன் ஒரு வெற்றுத்தாளில் இவற்றை அடித்துப் பாருங்கள்: மரம், பாரதி, அவள், அவன், மணம், மனம், மின், மீன், கொடு, கோடு, எடு, ஏடு, ஔவை, கௌதாரி, மு, மூ, ழு, ழூ, ணு, ணூ, தலையணை, வாழ்த்துகள், அஃது, ஸ்ரீ. பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே தயங்குகிறதோ அங்கே ஃபான்ட் தோற்றுவிட்டது. பிள்ளையைத் திருத்த வேண்டாம், ஃபான்ட்டை மாற்றுங்கள்.

ஏற்கெனவே சுவரில் ஏறிவிட்டவற்றையும் இந்த வாரமே பாருங்கள். உயிர்மெய் வரிசை அட்டையிலிருந்து தொடங்குங்கள். எழுதிப் பழகும் தாள்கள் அடுத்து. புள்ளி தெளிவில்லாத அட்டையைக் கழற்றத் தேவையில்லை: இதயத்தின் மேலேயே கறுப்பு மார்க்கரால் அழுத்தமாக ஒரு புள்ளி வைத்துவிடலாம். ‘ர’வுக்கு அடிக்கோடு இல்லையென்றால் அதையும் கையாலேயே இழுத்துவிடலாம். ‘ள’வும் ‘ன’வும் குழம்பும் அட்டைகளை மட்டும் கழற்றிவிட்டு வேறு எழுதி ஒட்டுங்கள், அவற்றைத் திருத்த வழியில்லை.